கதவில் ஒட்டியிருந்த அமெரிக்கா

அந்தக் கதவு ஆளுயரம் இருக்கும். சாம்பல் நிறம், ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்து துரு தெரியும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி, கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்கு வந்து இறங்கிய பிரஸ் மெஷினின் மின்பெட்டிக் கதவு. கனத்த தகடுகளை அமுக்கி லாரிக்கு வேண்டிய பாகங்களாக்கும் மெஷின் அது. இரண்டு மாடி உயரம். கதவின் வெளிப்பக்கம் ஒன்றுமில்லை, மின்னல் படம் போட்ட எச்சரிக்கை மட்டும். உட்பக்கம்தான் விஷயமே. மேலிருந்து கீழ்வரை ஸ்டிக்கர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, பாதி கிழிந்தவை, வெயிலே படாமல் மங்கியவை, எண்ணெய்க் கை பட்டுப் பழுத்தவை. இடம் கிடைத்த இடுக்கிலெல்லாம் மார்க்கர் பேனாவில் ஆட்களின் பெயர்கள். வயரிங் படம் உள்ளே இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் அதைத் திறந்தேன். பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தேட வந்ததை மறந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

காரணம், எனக்கு அப்போது அமெரிக்கப் பைத்தியம். கல்லூரியில் யாரோ ஆங்கிலம் பழக வேண்டுமென்றால் அவர்களுடைய தேர்தல் விவாதங்களைக் கேள் என்று சொல்லப்போக, ஆங்கிலம் வந்ததோ இல்லையோ, விவாதம் ஒட்டிக்கொண்டது. பொன்னேரியில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கும் வரை காதில் அதுதான் ஓடும். ஐம்பது மாநிலங்கள், எந்த மாநிலம் எந்த வருஷம் எந்தப் பக்கம் சாய்ந்தது, எல்லாம் விரல் நுனியில். எங்கள் வார்டு மெம்பர் யார் என்று கேட்டால் மட்டும் விழிப்பேன். நல்லவர்கள் இந்தப் பக்கம், கெட்டவர்கள் அந்தப் பக்கம் என்று எனக்கொரு தெளிவான வரைபடம் இருந்தது. அதே கம்பெனியில் பராமரிப்பு ஃபிட்டராக இருந்த என் தாய்மாமா ரயிலில் எதிரே உட்கார்ந்துகொண்டு தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னா பாப்பா, அமெரிக்கா எழுந்து பல்லு வெளக்கிடுச்சா?"

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குத் தம்பி. என் தாத்தாவும் ஆயாவும் ஆரணியாற்றங்கரையில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஐடிஐ படித்து ஸ்பேனர் பிடித்தவர் மாமா. அந்தக் கம்பெனியில் பத்து வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தார். அவர் காது வைத்துக் கேட்டே பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவார், மேனேஜர் நம்புவார். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் கம்பெனியின் ஆள் இல்லை, ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரின் ஆள். மெஷின்கள் ஓடும் எங்கள் ஷாப்பில் அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, பாக்கெட்டின் மேல் பெயர் நூலால் தைத்திருக்கும். காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சட்டையில் பெயர் கிடையாது. அமெரிக்க பிரஸ் ஓடத் தொடங்கி ஆர்டர் நிலைத்துவிட்டால் அந்த லைனில் இருக்கும் காண்ட்ராக்ட் ஃபிட்டர்களைப் பர்மனென்ட் ஆக்குவதாக எச்.ஆரில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மெஷினின் ஒவ்வொரு போல்ட்டையும் மாமா அந்த வார்த்தையை நினைத்துத்தான் முறுக்கினார்.

பிரஸ்ஸோடு ஒரு மனிதரும் வந்தார். அறுபது தாண்டியவர், நரைத்த மீசை, வெயிலில் இரண்டே நாளில் தக்காளி நிறமாகிவிட்ட கழுத்து. மிச்சிகனில் அந்த பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவர். முதலில் ஆபரேட்டர், பிறகு மெக்கானிக். தொழிற்சாலையை மூடியபோது அவருக்கும் வேலை போயிற்று. மெஷினை விற்றபோது, இதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் வேறு யாருமில்லை என்று அவரையே நாலு மாதக் கூலிக்கு அமர்த்தி எங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், தன் வேலையைத் தானே பெட்டியில் கட்டி எடுத்துவந்து, இன்னொருவர் வீட்டில் பூட்டிக் கொடுப்பது. எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. ஓர் அசல் மிச்சிகன் வாக்காளர் என் கண் முன்னால் என்ற குதூகலம்தான். "உனக்குத்தான் அந்த ஊர் இங்கிலீஷ் புரியுமே" என்று மேனேஜர் என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார்.

மாமா அவரை முதல் நாளே 'நைனா' என்று கூப்பிட்டார். எங்கள் ஊர் ஆந்திர எல்லைப் பக்கமாயிற்றே, பெரியவர்களை அப்படிக் கூப்பிடுவது உண்டு. அப்பா மாதிரி என்று நான் அவருக்கு விளக்கினேன். அவரோ, நல்ல சொல்லாக இருக்கிறதே என்று மாமாவையும் திருப்பி 'நைனா' என்றே கூப்பிட ஆரம்பித்தார். இவர் நைனா என்பார், அவர் நைனா என்பார், நடுவில் நான். கேன்டீன் போண்டா அவருக்கு உயிர். மூன்றாவது போண்டாவுக்குக் கை நீளும்போது மாமா சொல்லுவார்: "நைனா, அது உருளக்கெழங்கு. வவுத்துல போய் கேஸாயிடும். அப்பறம் மெஷினுக்கு ஏர் நீதான் குடுக்கணும்." நான் மொழிபெயர்க்க மறுத்துவிடுவேன். அவருக்கு எப்படியோ புரிந்துவிடும். மீசை குலுங்கச் சிரிப்பார்.

தேநீர் இடைவேளைகளில் நான் அவரை அந்தக் கதவின் முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேலே இளஞ்சிவப்பாக வெளுத்துப்போன அமெரிக்கக் கொடி, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வாரத்தில் ஷாப்பில் எல்லோரும் ஆளுக்கொன்று ஒட்டியது. அதன் கீழே மஞ்சள் ரிப்பன் படம், அவருடைய மகன் ஈராக் போருக்குப் போனபோது பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று ஒட்டியது. திரும்பி வந்தானா என்று கேட்டேன். வந்தான் என்றார். வந்தவன் ஒரு வருஷம் வரை கார் ஓட்டும்போது சாலையோரம் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தால்கூட, உள்ளே குண்டு இருக்குமோ என்று சட்டென்று பிரேக் போட்டுவிடுவானாம்; பின்னால் வருகிறவர்கள் எல்லாம் திட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பக்கத்தில் வீடு விற்கும் தரகர் ஒருவரின் ஸ்டிக்கர், அதன் குறுக்கே யாரோ பேனாவில் 'சும்மா கொடுத்தால்கூட வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் ஆட்கள் வீட்டை பாங்க்கிடம் விட்டுப்போன காலத்தில் அவருடைய தம்பி சாவியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போனாராம். கதவைப் பூட்டவில்லை. பூட்டி என்ன செய்ய என்றாராம்.

இடுப்பு உயரத்தில் இரண்டு தேர்தல் ஸ்டிக்கர்கள். ஒன்று நீலம், கறுப்பினத்திலிருந்து முதன்முதலாக அதிபரானவருக்காக. இன்னொன்று சிவப்பு, மூடிய தொழிற்சாலைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றவருக்காக. சிவப்பு, நீலத்தின் பாதியை மறைத்திருந்தது. இதோ என் வரைபடம்! ஷாப்பில் இரண்டு கோஷ்டி இருந்திருக்கிறது, இவர்கள் ஒட்ட அவர்கள் மறைக்க. இதில் உங்கள் கோஷ்டி எது என்று கேட்டேன். அவர் இரண்டு ஸ்டிக்கரையும் விரலால் தொட்டு, இரண்டும் நான் ஒட்டியதுதான் என்றார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நீலத்துக்கு ஓட்டுப் போட்டவர் சிவப்புக்கு எப்படிப் போட முடியும்? நான் பார்த்த வீடியோக்களில் இதற்குப் புள்ளிவிவரம் இருந்தது, விளக்கம் இருந்தது. ஆனால் அந்த விளக்கத்தில் போண்டா தின்னும் ஒரு மனிதர் இல்லை. ஏன் என்று நச்சரித்தேன். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ரெண்டு பேருமே எங்களை மறக்க மாட்டோம்னாங்க. ஒருத்தர் அழகாச் சொன்னார், ஒருத்தர் கோபமாச் சொன்னார். ரெண்டாவது ஆள் வந்தப்போ எங்களுக்கும் கோபம் வந்திருந்தது."

சிவப்பு ஸ்டிக்கரின் ஒரு மூலை பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. அதைச் சுரண்டியவர் அவரோடு அதே பிரஸ்ஸில் பதினெட்டு வருஷம் நின்ற ஒரு கறுப்பின நண்பர். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனவர்கள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய அன்று நண்பர் பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். இவர் கையைப் பிடித்தார். அதோடு பேச்சு நின்றது. ஆள் குறைந்துபோன கடைசி வருஷத்தில் இருவரையும் மறுபடி ஆபரேட்டர்களாக எதிரெதிரே நிறுத்தினார்கள். அந்த பிரஸ்ஸின் பாதுகாப்பு முறை எங்களுக்குத் தெரியும்: எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் தங்கள் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் மேல் பாகம் இறங்கும். ஒருவர் தாமதித்தாலும் இறங்காது. பேசாத இருவர், ஒரு வருஷம் முழுக்க, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை, ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கண்ணைப் பார்த்துக்கொள்ளாமல் எப்படிச் சரியாக அழுத்தினீர்கள் என்று கேட்டேன். மூச்சு விடுவது கேட்கும் என்றார். மூடிய கடைசி நாளில் எல்லோரும் கதவில் பெயர் எழுதினார்கள். நண்பரும் எழுதினார், இவர் பெயருக்குப் பக்கத்திலேயே. பிறகு அவர் வேறெங்கோ மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

இவ்வளவையும் நான் மாமாவிடம் சொல்லவே இல்லை. அவர் பக்கத்தில் நின்று கிரீஸ் அடித்துக்கொண்டிருப்பார், "இன்னாவாம்?" என்பார். "அரசியல் மாமா, உனக்கு வேணாம்" என்பேன். எனக்கே எனக்கென்று கிடைத்த புதையல் மாதிரி அதை வைத்துக்கொண்டேன். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் எந்த மெஷினும் தன் பழைய முகத்தோடு இருக்க முடியாது. தின்னர் போட்டுத் துடைத்து, சுரண்டி, புது பெயின்ட் அடித்து, காய்ந்ததும் காயாததுமாகச் சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும். அழுக்கோடு ஒரு கருவி சாமி முன் நிற்பது அதை இழிவுபடுத்துவது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. மாமா போனார். அமெரிக்க பிரஸ்ஸை வேறு யாரையும் தொட விடவில்லையாம்; நைனாவின் மெஷின், நான்தான் அடிப்பேன் என்றாராம். வெளியே அடித்தார். உள்ளேயும் சுரண்டி அடித்தார்.

திங்கட்கிழமை காலை நைனா ஒரு ரிலே சுவிட்சைப் பார்க்கக் கதவைத் திறந்தார். தின்னர் வாடையோடு பளபளவென்று பச்சை. கண்ணாடி மாதிரி, ஒரு தூரிகைக் கோடு இல்லாமல். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். மாமா இரண்டடி பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. நைனா கீழே, பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். பெயின்ட் முழுசாகக் காயவில்லை. விரல் ஒட்டிக்கொண்டு, எடுத்தபோது ரேகை பதிந்திருந்தது. அவர் பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா, பச்ச புடிக்கலயா அவருக்கு? ஊதா அடிச்சிருக்கணுமோ?"

ஷாப்புக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அது எங்கே போகப்போகிறது, கதவுதானே என்று அவரும் இருந்திருக்கிறார், நானும் இருந்திருக்கிறேன். "தின்னர் வாசனை மூக்குல ஏறுதாம் மாமா" என்றேன். அது முதல் பொய்.

நைனா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். அவருடைய சட்டையை. தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். மூடிப்போன அந்தக் கம்பெனியின் சட்டையைத்தான் இங்கேயும் போட்டுக்கொண்டிருந்தார், அதில் அவர் பெயர் தைத்திருந்தது. மற்றவர்கள் சட்டையில் பெயர் இருக்கிறது, இவருடையதில் ஏன் இல்லை, இவர் நிரந்தர வேலைக்காரர்தானே என்று என்னிடம் கேட்டார். கேட்ட குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லேன் என்கிற மாதிரி. நான், "ஆமாம், நிரந்தரம்தான். இவருடைய புதுச் சட்டை இன்னும் தைத்து வரவில்லை" என்றேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பரவாயில்லை, அப்படியென்றால் பரவாயில்லை, இந்த மெஷின் வந்த இடத்தில் ஒருவருக்கு நிலையான வேலையாவது கிடைத்ததே என்றார். எழுந்து போய் மாமாவின் தோளைத் தட்டினார். மாமா அதைப் பெயின்டுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, குங்குமக் கிண்ணத்திலிருந்து ஒரு விரல் எடுத்து அவர் நெற்றியிலும் வைத்துவிட்டார். பூஜை முடிந்து பிரஸ்ஸை முதல் தடவை இறக்கியபோது, அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிச் சாறு தெறித்து எல்லோரும் கைதட்டினோம். அவரும் தட்டினார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த மூன்று வருஷத்தில் பல காரணம் யோசித்துவிட்டேன். அழித்த பெயர்களுக்குப் பதிலாக அவர் கையில் எதையாவது கொடுக்கத் தோன்றியது என்று ஒரு நாள் நினைப்பேன். பத்து வருஷம் உழைத்த என் மாமாவுக்குச் சட்டையில் பெயர்கூட இல்லை என்று ஓர் அந்நியரிடம் சொல்ல வெட்கப்பட்டேன் என்று மறுநாள் நினைப்பேன். எப்படியும் சில மாதத்தில் பர்மனென்ட் ஆகிவிடுவார், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன என்றும் அந்த நொடியில் ஓடியிருக்கலாம். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

அவர் ஊர் திரும்பினார். பிரஸ் ஓடியது. அதில் அமுக்கிய பாகங்களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போயிற்று. மறு வருஷம் அவர்கள் நாட்டில் தேர்தல். நான் லீவு போட்டு உட்கார்ந்து மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கை பார்த்தேன். அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்காரர் மறுபடி ஜெயித்தார். அதற்கடுத்த வருஷம் இந்தியச் சரக்கின் மேல் அவர்கள் வரியைக் கூட்டினார்கள். நான் பல வருஷம் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட அந்தச் சண்டை, கடல் தாண்டி, சரக்கு அனுப்பும் எங்கள் டெஸ்பாட்ச் பகுதியில் வந்து நின்றது. அடுக்கிய பெட்டிகள் நகரவில்லை. மூன்று ஷிஃப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. எச்.ஆரில் காண்ட்ராக்ட் ஃபிட்டர்களைக் கூப்பிட்டு, ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம், ஆர்டர் வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பர்மனென்ட் என்ற பேச்சே எழவில்லை. மாமா தன் ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நான் அலுவலக ஜன்னலில் நின்றிருந்தேன். நான் பர்மனென்ட்.

அந்த வாரம் நைனாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வரிச் செய்தியைப் படித்தாராம். நீளமாக எழுதியிருந்தார்: "ஓட்டுச் சாவடிக்குள் நிற்கும்போது உங்களை எல்லாம் நினைத்தேன், குறிப்பாக உன் மாமா நைனாவை நினைத்தேன். அவர் நிரந்தரம் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது; அவரை யாரும் அசைக்க முடியாது. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நினைத்து மறுபடி சிவப்புக்கே போட்டுவிட்டேன். நைனா நன்றாகத்தானே இருக்கிறார்?"

ஒரு ஓட்டு எதையும் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மாநிலத்தில் எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதுகூட மனப்பாடம். ஆனாலும் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன். யார்மேல் கோபப்படுவது? அவர் தன் ஊருக்காகப் போட்டார். அவர் ஊர்ப் பிள்ளைகளின் வேலையைத்தான் நாங்கள் இங்கே பூட்டிக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் எங்கள் மேல் அவர்தானே கோபப்பட வேண்டும்? அவரோ மாமாவின் நலம் விசாரிக்கிறார். ஒவ்வொரு முறையும் கோபத்தை ஒருவர் தலையில் வைக்கப் போனால் அந்தத் தலை நகர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, கொடி, மகன், நண்பர், பெயர்கள், சட்டை, பொய், ஓட்டு. நடுவில் அத்தை வந்து நின்றாள்.

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார். "பர்மனெண்டுன்னு சொல்லிக்கீறியா? எச்.ஆரு மேடம் பன்னெண்டு வருசமா பண்ணாதத, நீ ஒரு நிமிசத்துல பண்ணிட்டியா?"

"அப்ப ரெண்டு வருசமா நான் பர்மனெண்டு பொண்டாட்டி," என்றாள் அத்தை. "ஒரு வார்த்த சொன்னீங்களா? தெருவுல இன்னும் கொஞ்சம் நிமுந்து நடந்துருப்பேனே."

இருவரும் சிரித்தார்கள். நான் அழுதேன். பிறகு மாமா சிரிப்பதை நிறுத்தினார். "பாப்பா, அது ஆளுங்க பேரா? நான் இன்னாவோ இங்கிலீசுல கிறுக்கி வச்சிருக்கானுங்கன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா சுத்தி டேப்பு ஒட்டிட்டு, பேர வுட்டுட்டு அடிச்சிருப்பேன். அரசியலு, உனக்கு வேணாம்னு சொன்னியே. பேருல இன்னா அரசியலு?" எனக்கு அவர் குரலில் கோபம் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பதில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றே எழுதிவிடலாமா என்றும் கேட்டேன். அவர் என் போனை வாங்கி, குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே பேசினார். "நைனா, நல்லாக்கீறியா? நான் பர்மனெண்டு இல்ல நைனா. காண்ட்ராக்டு. இந்தப் பொண்ணு பாசத்துல பொய் சொல்லிக்கிது. இப்ப லைனு நின்னுபோச்சு, என்னை வரவேணான்னுட்டாங்க. அதுக்குன்னு நீ பேஜாராவாத. நீ உன் ஊர் புள்ளைங்களுக்குப் போட்ட, நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். உன் சிநேகிதர் பேர நான்தான் அழிச்சேன். தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க ஊருக்கு அந்த வேல திரும்பி வந்துச்சா?"

இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் எழுதி, குரலையும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு மாமா ஃபேனைப் பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஏன் பாப்பா, இங்கயும் இல்ல, அங்கயும் போவலன்னா, அப்ப அந்த வேல எங்கதான் போச்சு?" ஐம்பது மாநிலமும் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. அதையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை பொன்னேரி பிளாட்பாரத்தில் இருவரும் நின்றோம். அத்திப்பட்டில் அனல் மின் நிலையப் பராமரிப்பு வேலைக்குக் கொஞ்ச நாளைக்கு ஃபிட்டர்கள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் சென்னைப் பக்கம் போகும் வண்டிக்கு, நான் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு. இத்தனை வருஷம் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போனவர்கள். அப்போது பதில் வந்தது. பொய் சொன்னதற்கு என்னை ஒன்றும் சொல்லவில்லை. பழைய தொழிற்சாலைக் கட்டடம் இப்போது யாருடைய பொருளையோ அடுக்கி வைக்கும் கிடங்கு, உள்ளே ஆளே இல்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்: "நீங்கள் கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்கலாம் என்றிருந்தேன்."

"அவருக்கும் தெரிலயா?" என்றார் மாமா. சென்னை வண்டி வந்துவிட்டது. ஸ்பேனர் பையை முன்னால் அணைத்துக்கொண்டு ஏறி, வாசலிலேயே நின்று திரும்பினார். "சாய்ங்காலம் வந்து கேக்கறேன், வேல எங்க போச்சுன்னு நீ படிச்சு வையி பாப்பா."